முத்திரை இல்லாத முப்பது கடிதங்கள்

“முத்திரை இல்ல. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?” என்று உறுப்பு மாற்றுப் பதிவக அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாங்கள் வந்த பத்து நிமிடத்தில் அவர் அதைத் துடைப்பது இது மூன்றாவது முறை. கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. எங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

காலை பத்தேகால் மணி. மூன்று மணிக்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

எங்கள் கட்சிக்காரர் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவிக்குக் கல்லீரல் முழுசாகக் கெட்டுப்போய்விட்டது. மாற்று உறுப்புக்காகப் பதிவகத்தின் வரிசையில் அறுநூற்றுப் பதினோரு நாள் காத்திருந்தார். இன்னார் உயிரோடு இருக்கிறார், அறுவை சிகிச்சை தாங்குவார் என்று ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பதிவகத்தின் கம்ப்யூட்டருக்குத் தினமும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பியது யார், எந்த நேரத்தில் என்பதற்கெல்லாம் கடிதத்தின் தலையில் ஒரு பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத கடிதத்தைப் பதிவகம் பிரிக்காது. அப்படிப்பட்ட கடிதம் ஒரே பெயரில் முப்பது சேர்ந்தால், யாரோ கள்ளத்தனம் செய்கிறார்கள் என்று அந்தப் பெயரையே ஓரம் கட்டிவிடும்.

பதினோரு நாளைக்கு முன்னால் ஓரம் கட்டிவிட்டது. அதற்கு நாலாம் நாள் பொருத்தமான கல்லீரல் ஒன்று வந்து, வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. பெயரை மறுபடி சேர்த்தது முந்தாநாள்தான். இப்போது அந்த அம்மாவின் காத்திருப்புக் கணக்கு மூன்று நாள். டாக்டர் கொடுத்திருக்கும் கெடு மூன்று மாதம்.

“மொத்தம் எத்தனை கடிதம் வந்திருக்கு?” என்று என்னைக் கூட்டி வந்திருந்த அக்கா கேட்டார்.

“முப்பத்தேழு நாள்ல அறுபத்தேழு. முப்பத்தேழுக்கு முத்திரை இருக்கு. முப்பதுக்கு இல்ல.”

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கடிதமா?”

“அதாம்மா சந்தேகமே. ஒண்ணு நிஜம், இன்னொண்ணு யாரோ வெளியாள் அனுப்பறதுன்னு எங்க கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு.”

“கம்ப்யூட்டர் முடிவு பண்ணிச்சு, சரி. ஒரு மனுஷன் போனைத் தூக்கிக் கேக்க மாட்டீங்களா?” என்றேன் நான்.

“நோட்டீஸ் அனுப்பினோம் சார். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுக்கு மெயில் போயிருக்கு.”

“மெயில் போன இடத்துலயே செத்துப்போச்சு போலிருக்கு.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு வாயை மூடு என்று பொருள். அவர் இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில், முகவரி சரியில்லாத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து உரியவரைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். ஊருக்கே அவர் தபால் அக்கா. நான் பதினோரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மருந்து விற்றுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தவன். யாரிடம் எப்படிச் சிரித்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

“முத்திரையோட வந்த கடிதத்தை உங்க கம்ப்யூட்டர்ல கடிதம் நுழையற வாசலே இன்னொரு பிரதி எடுத்து, முத்திரையைத் தவற விட்டிருக்கலாமில்ல?” என்றார் அக்கா.

“நிரூபிங்க. மூணு மணிக்கு மேல்முறையீட்டுக் குழு உக்காருது. எங்க தப்புன்னு ஒரு ஆதாரம் குடுங்க, அறுநூத்துப் பதினோரு நாளையும் திருப்பிக் குடுக்கச் சொல்லி நானே பேசறேன்.”

“அனுப்பினவங்க தப்பா இருந்தா?”

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். “இதுவரைக்கும் அப்படிப் பதினேழு மனு வந்திருக்கும்மா. பதினேழும் தள்ளுபடி.”

கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அறுபத்தேழு வரிப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்து, லிப்ட் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அக்கா பட்டியலை மடியில் விரித்தார்.

“என்னப்பா தெரியுது?”

“அறுபத்தேழு வரி தெரியுது. எழுத்து கொஞ்சம் சின்னது.”

“நேரத்தைப் பாரு. முத்திரை இருக்கறது எல்லாம் காலைல ஆறு மணி. ஒரு விநாடி பிசகல. முத்திரை இல்லாதது?”

பார்த்தேன். ஒன்பது பத்து. ஒன்பது ஏழு. ஒன்பது பதினாலு. மறுபடி ஒன்பது பத்து. ஒரே ஒரு நாள் மட்டும் பதினொன்று நாற்பது.

“இது மெஷின் வேலை இல்ல அக்கா. மெஷின் டீ குடிச்சுட்டு லேட்டா வராது.”

“அப்புறம்?”

“நம்ம டிரைவர் சொன்னது சரிதான். அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்காரன் புது பைக் வாங்கியிருக்கான், எவனோ பெரிய இடத்துக்காக இந்த அம்மாவைக் கவுத்துட்டான்னு அவர் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரே.”

“ஞாயிற்றுக்கிழமையைப் பாரு.”

ஐந்து ஞாயிறு. ஐந்திலும் ஆறு மணிக் கடிதம் மட்டும்தான். ஒன்பது மணிக் கடிதம் ஒன்றுகூட இல்லை.

“ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கற திருடன். யூனியன்ல மெம்பரா இருப்பான்,” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “பதிவகத்து வாசல் ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் இருக்கு. கடிதம் வருதே. வாசல்ல கோளாறுன்னா ஞாயிறும் முத்திரை இல்லாத பிரதி வந்திருக்கணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் நம்பி வந்தது அந்த வாசலைத்தான். இன்னும் ஆஸ்பத்திரிக்குள் காலே வைக்கவில்லை, பாதி நம்பிக்கை பஸ்ஸிலேயே போய்விட்டது.

கம்ப்யூட்டர் பிரிவு நாலாவது மாடியில் கடைசி அறை. உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. ஸ்வெட்டர் போட்ட ஓர் ஆள் மூன்று திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஹெல்மெட்.

“வண்டி எப்படி ஓடுது?” என்று ஆரம்பித்தேன்.

“வண்டியா? அது எங்க அண்ணனோடது சார். அவன் வெளிநாடு போயிட்டான், நிறுத்தி வச்சா துருப்பிடிக்கும்னு என்கிட்ட விட்டிருக்கான். ஆர்.சி. புக் காட்டட்டுமா? அந்த டிரைவர் வந்து சட்டையைப் பிடிச்சதுலேர்ந்து பையிலயே வச்சிருக்கேன்.”

காட்டினான். அண்ணன் பெயர்தான் இருந்தது. வில்லன் என்று நான் மனதில் வரைந்து வைத்திருந்த படம் ஒரு நிமிடத்தில் கிழிந்தது.

“கடிதம் இங்கேருந்து கிளம்பும்போது முத்திரை இருந்துதா?” என்று அக்கா கேட்டார்.

“சத்தியமா இருந்துது மேடம். நானே பத்துத் தடவை பார்த்துட்டேன்.” திரையைத் திருப்பினான். “பாருங்க. முப்பத்தேழு நாள், முப்பத்தேழு கடிதம். எல்லாத்துலயும் இருக்கு.”

“இது ஆறு மணிக் கடிதம். ஒன்பது மணிக் கடிதம் எங்க?”

“ஒன்பது மணிக்கு எதுவும் போகாதே மேடம். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.”

அக்கா பட்டியலை நீட்டினார். அவன் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனான். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது. பிறகு வேறு ஒரு கோப்பைத் திறந்தான். அதைத் திறந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும், தேடி எடுக்கவே நேரமானது. திறந்ததும் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

“சொல்லுங்க தம்பி,” என்றார் அக்கா.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாடி லைன் அடிக்கடி போச்சு மேடம். போகாத கடிதத்தை மறுபடி அனுப்ப ஒரு பட்டன் செஞ்சு குடுத்தேன். என்னோட சோதனைக்குன்னு செஞ்சது. ரெண்டு நாளைக்கு வச்சுக்கோங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

“திருப்பி எடுக்கல.”

“மறந்துட்டேன்.”

“அதுல முத்திரை?”

“நாங்க சேமிச்சு வைக்கறது உள்ள இருக்கற கடிதத்தை மட்டும்தான். கிளம்பற நேரத்துலதான் மெயின் புரோகிராம் முத்திரை வைக்கும். இந்தப் பட்டன் சேமிச்சதை எடுத்து நேரா அனுப்பிடும்.” திரையில் அந்தக் கோப்பைத் தொட்டுக் காட்டினான். “முத்திரை இருக்காது. சோதனைக் கடிதம்ங்கறதால பதிவும் வேற கோப்புல. நான் இதைப் பார்க்கவே இல்ல.”

“பதிவகம் நோட்டீஸ் அனுப்பியிருக்கே?”

“ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வரும் மேடம்.”

அவன் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அழவில்லை. அந்தப் பட்டனை எடுத்துவிட விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பதினோரு நாள் தாமதமாக வந்த சுறுசுறுப்பு அது.

“பட்டனை யார்கிட்ட குடுத்தீங்க?”

“உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு பார்க்கற சிஸ்டர்கிட்ட.”

ஆக, தப்பு அனுப்பினவர்கள் பக்கம். மணி பன்னிரண்டே கால். இரண்டாவது மாடிக்குப் படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். முழங்கால் வலி என்றார். அவருக்கு முழங்கால் வலி கிடையாது.

சிஸ்டரின் அறை, துணி அடுக்கும் அறைக்கும் லிப்டுக்கும் நடுவில், ஒரு மேஜை போட்டால் நிரம்பிவிடும் இடம். ஐம்பதை ஒட்டிய வயசு. கேட்டவுடனே ஒப்புக்கொண்டார்.

“ஆமா, நான்தான் மறுபடி அனுப்புவேன். அழுத்தினா பச்சையா வரும், ‘அனுப்பப்பட்டது’ன்னு. நல்லதுதானே பண்றோம்னு நினைச்சேன்.”

“அனுப்பினது வேற, போய்ச் சேர்ந்தது வேற சிஸ்டர். அந்த வித்தியாசத்துலதான் நான் இருபத்திரண்டு வருஷம் சோறு தின்னேன்.”

அதன் பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை, முப்பது, பட்டன். சிஸ்டர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

“உங்ககிட்ட நாப்பத்திரண்டு பேஷண்ட் இருக்காங்க. இந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் தினமும் ரெண்டாவது தடவை?”

“எனக்கே ஒரு பயம். அதான்.”

“அந்தப் பயம் பதினாலாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும் ஏன் வரல?” அக்கா சுவரில் தொங்கிய பணி அட்டவணையைக் காட்டினார். “ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு, சரி. இந்த ரெண்டு நாளும் நீங்க டூட்டி. ஆனா ரெண்டாவது கடிதம் போகல.”

சிஸ்டர் மேஜைமேல் இருந்த குண்டூசிகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் கைக்கு இப்படி ஏதாவது வேலை கொடுப்பார்கள்.

“ஏம்ப்பா,” என்று அக்கா என் பக்கம் திரும்பினார். “கீழே வாசல்ல பார்வையாளர் நோட்டு இருக்கும். பதினொன்று நாற்பதுக்குக் கடிதம் போச்சே, அந்தத் தேதியை முதல்ல பாரு.”

வாசல் காவலாளி என் பழைய நண்பர். நான் மருந்துப் பையோடு வந்த காலத்தில் டாக்டர் இல்லை என்று நூறு முறை பொய் சொன்னவர். நோட்டைத் தள்ளினார். அந்தத் தேதியில் பதினொன்றரைக்கு ஒரே ஒரு கையெழுத்து. அதைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டினேன். முந்தின நாள் ஒன்பது இரண்டு. அதற்கும் முந்தின நாள் ஒன்பது ஐந்து. எல்லாம் ஒரே கை. இரண்டே எழுத்தைப் போட்டு, வாலை மட்டும் அடுத்த கட்டம் வரைக்கும் இழுத்துவிட்ட கையெழுத்து. பதினாலும் பதினைந்தும் அது இல்லை.

அந்த வாலை எனக்குத் தெரியும். போன வாரம் எங்கள் அலுவலகத்து ஒப்பந்தத் தாளில் அது நான் போட்ட தேதியின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் கிண்டல்கூடச் செய்தேன்.

மேலே வந்து கதவருகே நின்றேன். 

“சொல்லு,” என்றார் அக்கா.

“நம்ம கட்சிக்காரர்தான் அக்கா. டிரைவர்.”

குண்டூசி டப்பா மூடிக்கொண்டது.

“முதல் டிரிப் முடிச்சுட்டு நேரா இங்க வருவார்,” என்றார் சிஸ்டர். “‘இன்னிக்குப் போயிடுச்சா சிஸ்டர்?’ன்னு கேப்பார். போயிடுச்சுன்னு சொன்னாலும் நகர மாட்டார். ‘எதுக்கும் என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை அனுப்பிடுங்க’ன்னு கெஞ்சுவார். பஸ் பஞ்சரான அன்னிக்குக்கூட பதினொன்றரைக்கு ஓடி வந்தார். ஒரு பட்டன்தானே, அந்த மனுஷன் நிம்மதியா வண்டி ஓட்டட்டுமேன்னு அழுத்தினேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர்கிட்ட சொல்லாதீங்கக்கா. நானா அனுப்பினேன்னு எழுதிக்கோங்க. என் வேலை போனா போகட்டும்.”

“மனுவுல பொய் எழுத எனக்குத் தெரியாது சிஸ்டர். கேட்டவங்ககிட்ட பதில் சொல்லணும். ஆனா வரிசை அந்த அம்மாவோடது, முதல்ல அவங்ககிட்ட சொல்லணும்.”

வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். டிரைவரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கண்ணும் தோலும் மஞ்சள், வயிறு மட்டும் உப்பி, கைகள் குச்சியாக இருந்தன. நான் யாரென்று கேட்டுவிட்டு, “நீங்கதான் நிறைய ஜோக் அடிப்பீங்களாமே, அவர் சொன்னார்,” என்றார். எனக்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

அக்கா பட்டன் வரைக்கும்தான் சொன்னார். யார் கேட்டு அழுத்தினார்கள் என்பதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். அதற்குள் அந்த அம்மா பட்டியலைக் கையில் வாங்கிவிட்டார். நகத்தால் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார்.

“பதினாலும் பதினஞ்சும் அவருக்கு வெளியூர் டூட்டி,” என்றார். பட்டியலை மடித்துக்கொண்டே, “ஒன்பது மணிக்கு வந்து பார்த்துட்டுப் போவார்னு நினைச்சேன். இந்த வேலை பார்த்துட்டுத்தான் என்கிட்ட வந்திருக்கார்.”

நாங்கள் அரை நாள் அலைந்து பிடித்ததை அவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் கடிதங்களோடு மட்டும் இருந்தவர், அவ்வளவு சீக்கிரம் யாரையும் தொடமாட்டார்.

“மனு போடலாம்மா. நடந்ததை நடந்தபடி எழுதலாம்.”

“எவ்வளவு வாய்ப்பு?”

“பதினேழு போட்டாங்க. பதினேழும் தள்ளுபடி.”

“அப்போ இது பதினெட்டு.” அவர் கணக்கு டீச்சர் குரலில்தான் சொன்னார். “தீர்ப்புக் கடுதாசி எங்க வரும்?”

“வீட்டுக்கு.”

“காரணம் எல்லாம் போட்டிருக்குமா?”

“போட்டிருக்கும்.”

“பிரிச்சுப் படிக்கறவர் அவர்தான்.” ஜன்னல் பக்கம் திரும்பினார். “எனக்கப்புறம் அவர் இன்னும் இருபது வருஷம் பஸ் ஓட்டணும்க்கா. பொண்ணு எட்டாவது படிக்கறா. அவளுக்குச் சோறு போட்டு, தலை வாரி, பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டா அவர் ஆளா இருக்க மாட்டார்.”

“யாரோ செஞ்சாங்கன்னு ஆயுசுக்கும் கறுவிக்கிட்டே இருப்பாரே.”

“இருக்கட்டும். வேற யார்மேலயாவது கோவப்பட்டுக்கிட்டு இருக்கட்டும். கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க.”

“நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லம்மா.”

“எனக்காக ஒரு தடவை சொல்லுங்க.”

மணி இரண்டு இருபது. டிரைவர் காக்கிச் சட்டையோடு வராந்தாவில் எங்களை நோக்கி ஓடி வந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தார், மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு.

“யாருன்னு தெரிஞ்சுதாக்கா?”

அக்கா அவரை நேராகப் பார்த்தார். “தெரியலங்க. என்னால கண்டுபிடிக்க முடியல.”

“கம்ப்யூட்டர்காரன்?”

“அந்தப் பையன் கள்ளத்தனம் பண்ணல. அது நிச்சயம். மெஷின் கோளாறு. அதுக்கு மேல என்னால போக முடியல. மனு போடறதுல பிரயோஜனம் இல்லைங்க.”

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார், அதைப் பார்ப்பது அதைவிட மோசமாக இருந்தது. “ஊரே சொல்லிச்சேன்னு உங்களை நம்பி வந்தேன். நாலு நாள் வீணாப் போச்சு. அந்த நாலு நாள்ல நானே யார் கால்லயாவது விழுந்திருப்பேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க. பேச்சு மட்டும் பெருசா பேசினீங்க.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மை நாக்கு நுனியில் நின்றது. அக்கா என் முழங்கையைப் பிடித்தார், நகம் பதியும்படி. நான் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க,” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கஷ்டமான பொய் அதுதான்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தார். வார்டுக்குள் போகவில்லை. படியேறி, லிப்டுக்குப் பக்கத்து அறை வாசலில் போய் நின்றார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

“சிஸ்டர், காலைல வர முடியல. இன்னிக்குப் போயிடுச்சா?”

“ஆறு மணிக்கே போயிடுச்சு அண்ணா.”

“எதுக்கும் இன்னொரு தடவை.”

அவர் தோளுக்கு மேலாகச் சிஸ்டர் எங்களைப் பார்த்தார். அக்கா அசையவில்லை. அந்தப் பட்டனை மத்தியானமே எடுத்தாயிற்று. சிஸ்டர் விசைப்பலகையை முன்னால் இழுத்து, ஏதோ ஒரு விசையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

“அனுப்பிட்டேன் அண்ணா.”

டிரைவர் கதவு நிலையில் சாய்ந்து மூச்சை விட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று தோன்றியது.

“எவன் என்ன பண்ணினாலும், இந்த ஒண்ணையாவது நாம விடாம பண்ணிட்டோம் சிஸ்டர்,” என்றார்.